நாலாம் பாத்தியின் பத்தொன்பது மணி நேரம்

மேய்ச்சல் ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் அவரை நிதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் அவரே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் தன் வேலையைப் பார்ப்பார். விதைக்கும் டிராக்டரை முப்பது வருஷத்துக்கு மேலாக ஓட்டுகிறவர். வழியில் ஒருமுறை ஒரு கோழி அவரை முந்திப் போனதாகக் கேன்டீனில் கதை உண்டு. கோழி நடந்துதான் போனது என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்வார்கள்.

"என்ன நிதானம், வண்டி ஓடுதா, இல்ல நின்ன இடத்துல இருமுதா?"

"மெதுவா போனா வரிசை கோணாது" என்பார். எல்லாக் கேள்விக்கும் அவரிடம் இருந்த பதில் அது ஒன்றுதான். உண்மையும் அதுதான். அவர் விதைத்த பாத்தியில் நூல் பிடித்துப் பார்க்கலாம்.

அவர் மனைவி அதே நிலையத்தில் மண் பரிசோதனைக் கூடத்தில் இருந்தார். மண்ணைச் சலித்து, தண்ணீரில் கலக்கி, கருவியை முக்கி, புளிப்பு எவ்வளவு என்று எழுதுவது வேலை. அதனால் புளிப்பக்கா. இந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கும். யாராவது அசட்டுத்தனமாகப் பேசினால், "இரு, கருவியை உன் வாயில வெச்சுப் பார்க்கறேன்" என்பார்.

இருவரும் முதலில் பேசிக்கொண்டதே சண்டைதான். அவர் வண்டி நின்ற இடத்தில் அந்த அம்மாள் பரிசோதனைக்கு மண் எடுக்க வந்தார்.

"டிரைவர் சார், நீங்க ஏறி நிக்கறது என் மண்ணு."

"மண்ணெல்லாம் அரசாங்கத்துதுங்க."

"அந்த அரசாங்கம்தான் சொல்லுது, இறங்குங்க."

அவர் இறங்கினார். அதற்குப் பிறகு ஏறவே இல்லை என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். கல்யாணம் ஆனதும் 'டிரைவர் சார்' போய் 'என்னங்க' வந்தது.

நிலையத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு பள்ளம். குளிர்காலத்தில் காலை பத்து மணி வரைக்கும் அங்கே பனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். மண்ணோ படுபுளிப்பு. கருவியில் ஏழு காட்டினால் மண் நடுநிலை. கீழே போகப் போகப் புளிப்பு. பள்ளத்தில் நாலு புள்ளி ஆறு. மாடுகூட அங்கே மூக்கை நீட்டாது. ஒரு குளிர்காலம், மூன்று மூன்று இலையாக விடும் குளோவர் செடி ஒன்று அந்தப் பனிக்கு நடுவில் பச்சையாகக் கிடப்பதைப் புளிப்பக்கா பார்த்தார். முன்பு எப்போதோ விதைத்து, மற்றதெல்லாம் செத்து, மிஞ்சிய ஒன்று. தோண்டிப் பார்த்தால் வேரில் முடிச்சு. நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு.

அந்தச் சிவப்பில்தான் எல்லாமே இருக்கிறது. பயறுவகைத் தீவனச் செடிகள் தனியாகப் பிழைப்பவை அல்ல. மண்ணிலிருக்கும் ஒரு நுண்ணுயிர் வேருக்குள் குடியேறி முடிச்சாகிவிடும். காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்து, பதிலுக்குச் சாப்பாடு வாங்கிக்கொள்ளும். முடிச்சுக்குள் சிவப்பிருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையோ பச்சையோ என்றால் நடக்கவில்லை. புளிப்பு மண்ணில் அந்த நுண்ணுயிர் செத்துப்போகும். ரொம்பக் குளிர்ந்தாலும் வேருக்குள் போகாமல் சோம்பிக் கிடக்கும்.

மகளுக்கு எட்டு வயதில் அம்மா இதைச் சொன்ன விதம் வேறு. "அது வீட்டோட மாப்பிள்ளைடி. மாமியார் வீடு புளிச்சுதுன்னா பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாரு. நம்ம பள்ளத்துச் செடிக்குக் கிடைச்ச மாப்பிள்ளை மட்டும், எவ்வளவு புளிச்சாலும் குளிர்ந்தாலும் வாயைத் திறக்காம இருக்காரு."

"அப்பா மாதிரியா?"

"உங்கப்பா மாதிரியேதான்."

பதினோரு வருஷம் புளிப்பக்கா அந்தச் செடியின் பின்னால் திரிந்தார். விதை எடுத்து, குளிர் அலமாரியில் பத்து டிகிரியில் முளைக்க வைத்து, முளைத்ததில் நல்லதைப் பிரித்து, மறுபடி பள்ளத்து மண்ணில் நட்டு, மறுபடி விதை எடுத்து. அதன் முடிச்சிலிருந்து நுண்ணுயிரைப் பிரித்துக் கண்ணாடிக் குழாயில் வளர்த்தார். ஆய்வுக்கூடக் குளிர்பெட்டியில் அந்தக் குழாயின் மேல் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'கொட்டாதீர்கள். கொட்டினால் நான் யார் என்று தெரியும்.'

கடைசியில் டைரக்டர் இறங்கி வந்தார். அவருக்குப் பட்டப்பெயர் 'அதாவது'. காரணம் அவர் வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும். "அதாவது, நாலு பாத்தி தர்றேன். மூணுல வெளியில இருந்து வந்த ரகம். அதாவது, நாலாவது உங்களது. ஒரே ஒரு பருவம். வந்தா வெச்சுக்கலாம். வரலேன்னா, அதாவது, வரல."

விதைக்கிற நாள் காலையில் மூன்று பாத்தியும் முடிந்தன. நாலாம் பாத்திக்கான விதையைப் புளிப்பக்காவே தயார் செய்தார். கோந்து காய்ச்சி ஆறவைத்து, நுண்ணுயிர்க் கரைசலைக் கலந்து விதையில் பூசி, மேலே சுண்ணாம்புத் தூள் உருட்டி, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டிக் கொடுத்தார். சுண்ணாம்பு அந்த உயிருக்குக் குடை. சுற்றிலும் புளிப்பு இருந்தாலும் வேர் விடுகிற வரை காப்பாற்றும்.

விதைப்பு இயந்திரத்தில் இரண்டு பெட்டி. பெரியதில் உரம், சின்னதில் விதை. சின்னப் பெட்டியின் குழாய் சுண்ணாம்புத் தூள் அடைத்து நின்றுவிட்டது. கழற்றிச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் ஆகும். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் நிதானம் அவசரப்பட்டார். விதையை உரப்பெட்டியிலேயே கொட்டிக் கலந்தார். இப்போதே விதைத்துவிட்டால் பத்து நிமிஷம்தானே, அதற்குள் என்ன ஆகிவிடும் என்று கணக்கு. அந்த உரம் அமிலத்தன்மை கொண்டது, அதோடு ஈரம் வேறு. அதில் இந்த விதையைப் போடக்கூடாது என்று நிலையத்துக் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது ஆய்வுக்கூடத்திலிருந்து ஆள் ஓடி வந்தது. "புளிப்பக்கா மயங்கி விழுந்துட்டாங்க."

வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடினார். அப்போது பிற்பகல் மூன்று மணி. ஆஸ்பத்திரி, ஸ்கேன், வயிற்றில் கட்டி. மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து பெட்டியைத் திறந்தார். சுண்ணாம்புப் பூச்சு கரைந்து விதை சாம்பல் நிறத்தில் ஒட்டிக் கிடந்தது. பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. வேறு விதை தயாராக இல்லை. தயார் செய்கிறவர் கட்டிலில் கிடக்கிறார். கொஞ்சமாவது பிழைத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விதைத்தார். வரிசை கோணவில்லை.

நாலாம் பாத்தி முளைத்தது, விரல் உயரம் வளர்ந்தது, மஞ்சளாகி நின்றுவிட்டது. டைரக்டர் இருபது செடி பிடுங்கிப் பார்த்தார். ஒன்றில்கூட முடிச்சு இல்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து, இடுப்பில் துணி சுற்றிக்கொண்டு வந்து நின்ற புளிப்பக்கா, வயல் பதிவேட்டில் தன் கையாலேயே எழுதினார்: 'நாலாம் பாத்தி. முடிச்சு இல்லை. தோல்வி.'

அன்றைக்கே நிதானம் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். உடம்பு தேறட்டும் என்று விட்டார். தேறியது. சந்தோஷமாக இருக்கிறாளே, கெடுப்பானேன் என்று விட்டார். அப்படியே நாலு வருஷம். ஆனால் அந்த அம்மாள் விடவில்லை. சாப்பிடும்போது திடீரென்று கை நிற்கும்.

"என்னங்க, சுண்ணாம்பு நான் கம்மியா போட்டுட்டேனோ?"

"விடு."

"குழாயில இருந்ததே பழசாயிருக்குமோ?"

"விடேன்."

இந்தக் குளிர்காலம் கட்டி மறுபடி வந்தது. இந்தத் தடவை டாக்டர் ஸ்கேனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "ரெண்டு மாசம்னு சொல்லலாம். குறைஞ்சாலும் குறையும்" என்றார். வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். ஜன்னலோரக் கட்டில். மகள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தாள். அவள் எல்லோர் குரலையும் பேசிக்காட்டுகிறவள். அம்மாவுக்கு மருந்து கொடுக்கும்போது டைரக்டராகிவிடுவாள்: "அதாவது, இந்த மாத்திரையை, அதாவது, முழுங்கணும். முழுங்கினா வெச்சுக்கலாம். முழுங்கலேன்னா, அதாவது, முழுங்கல." அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சிரித்தால் வலிக்கும், இருந்தாலும் இன்னொரு தடவை கேட்பார்.

ஒரு நாள் அப்படிச் சிரித்து ஓய்ந்ததும், கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கோந்து ஆறலேன்னு நினைக்கறேன். அன்னைக்குத் தலை சுத்திட்டு இருந்துச்சு. ஆறிடுச்சான்னு பார்க்காமலே கலந்திருப்பேன். சூட்டுல எல்லாம் செத்திருக்கும். பதினோரு வருஷத்தை நானே வேக வெச்சுட்டேன்."

நிதானம் எழுந்து சமையலறைக்குப் போனார். மகள் பின்னாலேயே வந்தாள். அவளிடம் சொன்னார். முதல் தடவையாக ஒரு மனுஷரிடம் சொன்னார்.

மகள் நீண்ட நேரம் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இப்பப் போய் ஏம்பா? உங்ககூட நிம்மதியா இருக்காங்க. அதையும் எடுத்துக்கணுமா?"

"அவ தன்னையே குத்தம் சொல்லிட்டுப் போறா."

"சொன்னா உங்களைச் சொல்லிட்டுப் போவாங்க."

"அதுதான் சரி" என்றார்.

போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அடைத்த குழாயிலிருந்து சாம்பல் நிற விதை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். புளிப்பக்கா கத்தவில்லை. கேள்வி கேட்டார்.

"எத்தனை மணிக்குக் கலந்தீங்க?"

"மூணு."

"எப்ப விதைச்சீங்க?"

"மறுநாள் பத்து."

"உரம் ஈரமா?"

"ஈரம்."

"பத்தொன்பது மணி நேரம்" என்றார் அவர். கொஞ்சம் கழித்து, "என் கோந்து ஆறித்தான் இருந்திருக்கு" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "வெளிய போங்க" என்றார்.

ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. மகள் ஊட்டினால் சாப்பிட்டார், மகள் கொடுத்தால் குடித்தார். நிதானம் அறை வாசலில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே வா என்று சொல்ல ஆளில்லை, போ என்றும் சொல்லவில்லை. மகள் யார் குரலிலும் பேசவில்லை. டாக்டர் கொடுத்த இரண்டு மாதத்தில் ஒன்பது நாள் அப்படிப் போயிற்று.

பத்தாவது நாள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அந்த டிரைவரைக் கூப்பிடு."

முப்பது வருஷத்துக்கு முந்தைய சொல். 'சார்' கூட இல்லை. அவர் உள்ளே போய்த் தொப்பி இல்லாத தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஃப்ரிட்ஜ்ல அடித்தட்டுல காப்பிப்பொடி பாட்டில். அதுல இருக்கறது பொடி இல்ல, விதை. ஆபீஸ்ல என் குழாய் இன்னும் இருக்கான்னு பாருங்க. பள்ளத்து மண்ணு ஒரு தட்டு. அப்புறம் டைரக்டர்கிட்டப் போய் நடந்ததைச் சொல்லி, பதிவேட்டுல நான் எழுதினதுக்குக் கீழ உங்க கையால எழுதுங்க. அந்த 'தோல்வி' என் கையெழுத்துல இருக்கக் கூடாது."

"சரிம்மா."

"அம்மா எல்லாம் வேண்டாம். வேலையைப் பாருங்க."

டைரக்டர் முழுசாகக் கேட்டார். முகம் சிவந்தது. "அதாவது, நாலு வருஷமா மீட்டிங் மீட்டிங்கா போய் அந்தச் செடி லாயக்கில்லேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அதாவது, என் வாயால. நீங்க என் எதிர்லயே வண்டி ஓட்டிட்டு இருந்திருக்கீங்க." பிறகு குரல் இறங்கியது. "அவங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன் சார்."

"என்ன சொன்னாங்க?"

"மணிக்கணக்குப் போட்டாங்க."

டைரக்டர் அலமாரியிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டி விரித்து, பேனாவையும் வைத்தார். அதாவது என்ற சொல்லே அதற்குப் பிறகு வரவில்லை. நிதானம் எழுதினார்: 'மேற்கண்டது செடியின் குறை அல்ல. விதையை உரத்தோடு கலந்து பத்தொன்பது மணி நேரம் வைத்தது நான்.' கீழே சம்பளப் பட்டியல் பெயரில் கையெழுத்துப் போட்டார். குளிர்பெட்டியில் குழாய் இருந்தது. அந்தச் சீட்டைப் பார்த்துப் பயந்து யாரும் கொட்டியிருக்கவில்லை.

அடுத்த நாள் புளிப்பக்கா தலையணையில் சாய்ந்துகொண்டு உத்தரவு போட்டார். நிதானத்தின் கை வேலை செய்தது.

"அப்படியே போட்டா முளைக்காது, தோல் கல்லு மாதிரி. உப்புத்தாள்ல தேய்ங்க. அழுத்தாதீங்க, அது தகரம் இல்ல."

தேய்த்தார்.

"கோந்து ஆறிடுச்சா? பார்வையில தெரியாது. மணிக்கட்டுல ஒரு சொட்டு விடுங்க. குழந்தைக்குப் பால் பார்ப்பீங்கல்ல, அந்த மாதிரி. சூடும் தெரியக் கூடாது, சில்லுன்னும் இருக்கக் கூடாது."

விட்டார். சரியாகத் தெரியவில்லை என்றார். "இங்க காட்டுங்க" என்று புளிப்பக்கா அவர் கையை இழுத்துத் தன் விரலை அந்தச் சொட்டில் வைத்துப் பார்த்தார். விரல் குச்சியாக இருந்தது. "ம், கலக்குங்க" என்று கையை விட்டுவிட்டார். ஒன்பது நாளுக்குப் பிறகு தொட்டது அதுதான்.

தட்டை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை வந்தது. ஜன்னல் திண்டில் காலையில் பத்து டிகிரிகூட இருக்காது. அங்கே முடிச்சு விழ முப்பது நாள் ஆகும். அடுப்படி மூலையில் வைத்தால் பதினைந்தே நாள்.

"அடுப்படியிலயே வைப்போம்மா. சீக்கிரம் பார்த்துடலாம்" என்றாள் மகள்.

"சூட்டுல எந்தச் செடியும்தான் வரும். குளிர்லயும் வரும்னுதானே நான் பதினோரு வருஷம் சொன்னேன்?"

"அதுக்கில்லம்மா..."

"எதுக்குன்னு எனக்குத் தெரியும்டி. எனக்காகச் செடியை ஏமாத்தாதே. ஜன்னல்ல வைங்க, டிரைவர். முப்பதாவது நாள் பிடுங்கிப் பாருங்க. அதுக்கு முன்னாடி ஒரு வேரைத் தொட்டாலும் எனக்குத் தெரியும்."

ஜன்னலில் வைத்தார். ஆறாம் நாள் முளைத்தது. பதினொன்றாம் நாள் முதல் இலை, தனியாக, வட்டமாக. பத்தொன்பதாம் நாள் மூன்று இலை. நிதானம் தினம் காலையில் வெப்பமானியைப் படித்துச் சொல்வார். "ஒன்பது." "எட்டு." "ஒன்பதரை." புளிப்பக்கா கண்ணை மூடிக்கொண்டே கேட்பார். பேச்சு அவ்வளவுதான். டிரைவர், தண்ணி அதிகமா ஊத்தாதீங்க. டிரைவர், தட்டைத் திருப்பி வைங்க.

இருபத்திரண்டாம் நாளுக்கு மேல் மருந்து அதிகமானது, தூக்கமும் அதிகமானது. இருபத்தைந்தாம் நாள் மகள் அப்பாவைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"ஒரே ஒரு செடிப்பா. பிடுங்கிக் காட்டிடலாம். அவங்க முப்பது வரைக்கும் இருக்கமாட்டாங்க. உங்களுக்கே தெரியும்."

"முப்பதுன்னு சொல்லியிருக்கா."

"எல்லாத்துலயும் நிதானமா இருந்தது போதும்பா."

"அவசரப்பட்டதாலதான் இங்க நிக்கறோம்" என்றார். இருந்தாலும் கட்டில் பக்கம் போய்க் கேட்டார். "ஒண்ணு பார்க்கலாமா?"

புளிப்பக்கா வெகுநேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தார். "இன்னைக்கு எடுத்தா முடிச்சு குட்டியா, வெள்ளையா இருக்கும். அதையும் தோல்வின்னு எழுதுவாங்க. நானே எழுதிடுவேன்." பிறகு, "ஆசையாத்தான் இருக்கு" என்றார். "வேண்டாம்."

இருபத்தேழாம் நாள் பிற்பகல், வெயில் இறங்கும் நேரம். மகள் மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். நிதானம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளேயிருந்து மெல்லக் கேட்டது.

"என்னங்க."

அவர் அசையவில்லை. தனக்கில்லை என்று நினைத்தார்.

"என்னங்க, ஜன்னலைச் சாத்துங்க. செடிக்குக் குளிருது."

பத்து டிகிரிக் குளிரில் பச்சையாக நிற்பதற்கென்றே பொறுக்கி எடுத்த செடி அது. அதற்குக் குளிராது. அவர் ஜன்னலைச் சாத்தினார்; அலமாரியிலிருந்து இன்னொரு போர்வை எடுத்து வந்து கால் வரைக்கும் போர்த்தினார். மன்னித்துத்தான் அப்படிக் கூப்பிட்டாளா, மருந்து மயக்கத்தில் நடந்ததெல்லாம் மறந்து போய்க் கூப்பிட்டாளா என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. மகள் திரும்பி வருவதற்குள் மூச்சு நின்றிருந்தது. அவர் போய் ஜன்னலை மறுபடி திறந்து வைத்தார்.

முப்பதாம் நாள் வீட்டில் வந்தவர்களெல்லாம் போயிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு நிதானம் அறைக்கு வந்தார். நிலைப்படியில் நின்றார். கொஞ்ச நேரம் அப்படியே நின்ற பிறகுதான், உள்ளே போகலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது உறைத்தது. கட்டிலில் விரிப்பு எடுத்திருந்தது. மகள் வந்து பின்னால் நின்றாள்.

வெப்பமானியைப் பார்த்தார். "ஒன்பது" என்று பழக்கத்தில் சத்தமாகவே சொன்னார்.

கரண்டியால் மண்ணோடு ஒரு செடியை எடுத்து, கிண்ணத்துத் தண்ணீரில் அலசினார். அவசரப்படவில்லை. மண் கரையக் கரைய வேர் வெள்ளை நூலாக வெளியே வந்தது. மேல்வேரில் கடுகைவிடச் சின்னதாக ஏழு முடிச்சு. பெரியதைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து நகத்தால் கீறினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னப்பா?"

அவர் கையை நீட்டினார். அவளும் குனிந்து பார்த்தாள்.

"சிவப்புதானே?" என்றார். "எனக்குச் சரியாத் தெரியல. நீ சொல்லு."

"சிவப்புதாம்பா."

அவர் நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தார். நாள் முப்பது. வெப்பம் ஒன்பது. மண் நாலு புள்ளி ஆறு. ஏழு முடிச்சு, உள்ளே சிவப்பு. 'பார்த்தவர்' என்றிருந்த இடத்தில் பேனா நின்றது. பிறகு தன் பெயரை எழுதினார். பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லையே.